ஆறு கண் பாலத்தின் பொறுப்பாளர்

ஆகஸ்ட் 20

இன்று முதல் இந்தப் பாலம் என் பொறுப்பு. எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. இன்னொரு தடவை எழுதுகிறேன்: இந்தப் பாலம் என் பொறுப்பு.

இருபது வருடத்துக்கு மேல் யார் யாருக்கோ உதவியாக இருந்தேன். நான் போட்ட கணக்கில் அவர்கள் பாலம் கட்டினார்கள், மாலை வாங்கினார்கள். போன வாரம் வரை இங்கே மேனேஜராக இருந்த மனிதர் துபாய்க்குப் பறந்துவிட்டார். பாதியில் நிற்கிற பாலத்தை விட்டுவிட்டு எப்படித்தான் மனசு வந்ததோ! இயக்குநர் சபாநாயகம் காலையில் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"மரகதவல்லி, மழைக்கு முன்னாடி ஆறு கண்ணும் நிக்கணும். நின்னுட்டா நீங்கதான் மேனேஜர். இல்லேன்னா இங்க ஒருத்தர ரெடியா வெச்சிருக்கேன். அவர அனுப்பிடுவேன்."

"நிக்கும் சார்" என்றேன். வேறென்ன சொல்வது, ஜோசியம் பார்த்துச் சொல்கிறேன் என்றா?

ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை ஒரு கண். ஆறில் மூன்று முடிந்துவிட்டது. மீதி மூன்றுக்குத் தளம் போட வேண்டும். வெள்ளாறு இப்போது வெறும் மணல். ஐப்பசி பிறந்துவிட்டால் அப்படி இருக்காது.

ஆகஸ்ட் 23

ஒரு விஷயத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ஊரில் இருக்கிற என் வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னால் கேலி செய்வார். என் ஜீப் கரைமேட்டில் திரும்பியதும் மிக்ஸர் லாரி டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடிக்கிறான். நான் போய் இறங்கும்போது எல்லோரும் தலையில் ஹெல்மெட்டும் கையில் வேலையுமாக நிற்கிறார்கள். பழைய மேனேஜர் வந்தால் ஒருவன் எழுந்திருக்க மாட்டான். மரியாதை கேட்டு வாங்குவதில்லை, தானாக வர வேண்டும். மூன்று நாளில் வந்துவிட்டது.

நாலு பேரைத் திட்டினேன். நாலு பேருக்கும் அது தேவைதான்.

சைட் இன்ஜினியர் இளவழகனைப் பற்றி ஒரு வார்த்தை. அரியலூர்ப் பக்கத்துப் பையன், முப்பது ஆகவில்லை. கணக்கில் புலி, வாயில் பூனை. எதைக் கேட்டாலும் "ஓகே மேடம்". ஆற்றைத் தூக்கி அந்தப் பக்கம் வை என்றாலும் ஓகே மேடம்தான்.

ஆகஸ்ட் 26

நாலாவது கண்ணுக்குத் தளம் போட்டு முடித்தோம். முழுக்க முழுக்க என் மேற்பார்வை. தொண்டை கட்டிவிட்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன்.

செப்டம்பர் 3

மெஸ் சாப்பாட்டில் உப்பில்லை என்று சமையல்காரரிடம் சத்தம் போட்டேன். இப்போது உப்பு மட்டும்தான் இருக்கிறது.

செப்டம்பர் 12

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

நாலாவது கண்ணின் அடியில் இருந்த சாரத்தைப் பிரித்துவிட்டார்கள் என்று ஆசையாகப் பார்க்கப் போனேன். ஹாரன் கேட்டது, போய் நின்றேன். தளத்தின் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. "பாத்தீங்களா பாட்ஷா பாய், வேலைன்னா இது வேலை" என்றேன் சென்ட்ரிங் மேஸ்திரியிடம். அவர் தலையைச் சொறிந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உத்திரத்தின் ஓரத்தில் ஓர் இடம் மட்டும் நிறம் கொஞ்சம் கருப்பாக, ஈரம் காயாமல் இருந்தது. ஜீப் சாவியால் தட்டினேன். பொத் பொத் என்றது. சுரண்டினேன். பூசின சிமென்ட் பட்டையாகக் கழன்று என் காலடியில் விழுந்தது. உள்ளே பார்த்தால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, கம்பி பல்லை இளிக்கிறது! காங்கிரீட் சரியாக இறங்காமல் ஓட்டை விழுவது எந்த சைட்டிலும் நடக்கும். அதைக் கொத்தி, சுத்தம் செய்து, முறையாக அடைக்க வழி இருக்கிறது. ஆனால் அதன் மேல் பவுடர் அடிக்கிற மாதிரி பூசி மறைத்திருக்கிறார்கள், நான் வருவதற்குள்!

நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள் என்பது மட்டும் போதும்.

"இளவழகா! உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தலை குனிந்து நின்றான். "தெரியும் மேடம்."

"தெரிஞ்சா என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவனும் பாட்ஷா பாயும் கம்பி வேலைக்காரர்களும் ஒரே நேரத்தில் மணலை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னிடம் சொல்வதில் அப்படி என்ன பயம்? நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

செப்டம்பர் 13, ஞாயிறு

அவர் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஞாயிற்றுக்கிழமையில் பெண்டாட்டி ஞாபகம் வரும். நான் துணி ஊற வைத்துக்கொண்டிருந்தபோது, பாலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், டீக்கடையில் மிக்ஸர் டிரைவர்களோடு உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

நேற்று நடந்ததைக் கொட்டித் தீர்த்தேன். பேச்சோடு பேச்சாக, ஹாரன் மரியாதையையும் சொல்லிவிட்டேன். எனக்கு என்ன கெட்ட நேரமோ.

"மரகதம், அது மரியாதை இல்ல."

"பின்ன?"

"பூனை வருதுன்னு அணில் கத்தும்ல, அது. 'வருது வருது, மறைக்க வேண்டியத மறைச்சுக்கோ'ன்னு சிக்னல். டிரைவரே சொல்லிச் சிரிக்கிறான். நான் உன் புருஷன்னு அவனுக்குத் தெரியாது."

நான் துணியை அடித்துத் துவைத்தேன். அவருடைய சட்டையில் இரண்டு பொத்தான் போய்விட்டது.

"நீ திட்டுற திட்டுக்கு பயந்து அவங்க பூசுறாங்க. பூசுறதால நீ திட்டுற. இதுக்கு முடிவே இல்ல பாத்துக்க" என்றார் சாப்பிடும்போது. உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் கட்டின பாலம் எத்தனை என்று கேட்டேன். அவர் ரசம் ஊற்றிக்கொண்டார்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான்.

செப்டம்பர் 14

காலையில் எல்லோரையும் மணலில் கூட்டி வைத்துச் சொன்னேன். "இனிமே ஹாரன் அடிக்கக் கூடாது. எது தப்பாத் தெரிஞ்சாலும் என்கிட்ட வந்து சொல்லணும். வேலை நடக்கும்போது ஆபத்துன்னு தோணினா, யாரா இருந்தாலும் 'நிறுத்து'ன்னு சத்தம் போடலாம். வேலை நின்னுடணும். அதுக்காக நான் திட்ட மாட்டேன்."

"யாரு வேணும்னாலுமா மேடம்?" என்றார் பாட்ஷா பாய்.

"யாரு வேணும்னாலும்!" என்று கத்தினேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

ஓட்டையைக் கொத்தி, அழுத்தத்தில் சிமென்ட் பால் செலுத்தி அடைக்க ஏற்பாடு செய்தாயிற்று. சென்னைக்கும் நானே எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 19

முதல் ஆள் வந்தார். ஸ்டோர்காரர். "மேடம், தார்ப்பாய் ஒழுகி கொஞ்சம் சிமென்ட் மூட்டை நனைஞ்சிடுச்சு." மழை மேகம் வந்த அன்றே தார்ப்பாயை மாற்று என்று சொல்லியிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, தனியா எடுத்து வைங்க. சொன்னதுக்கு நன்றி" என்றேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கத்தினேன். நல்ல ஏற்பாடு. வாளியும் நிறைந்துவிட்டது.

செப்டம்பர் 26

ஐந்தாவது கண். இன்று பார்த்து இயக்குநர் வந்திருந்தார், கூடவே அரசுத் தரப்பிலிருந்து விருந்தினர்கள். நான் புதுப் புடவை. மேலே அத்தனை ஆட்கள், காங்கிரீட் பம்ப் ஓடுகிறது, மிக்ஸர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சபாநாயகம் சார் விருந்தினர்களிடம் என்னைக் காட்டி, "எங்க மரகதவல்லி" என்றார். எங்க! காதில் தேன் பாய்ந்தது.

பாதித் தளம் நிரம்பியிருக்கும். அடியிலிருந்து ஒரு சத்தம்.

"நிறுத்துங்க! பம்ப்ப நிறுத்துங்க! எல்லாரும் இறங்குங்க!"

யார் குரல் என்றே முதலில் தெரியவில்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இளவழகன்!

அவனுக்கு இன்று அடியில் காவல். தளத்தைத் தாங்குகிற சாரம் மணலில் நிற்கிறது. அது இறங்குகிறதா என்று பார்க்க, பலகையிலிருந்து குச்சி ஒன்று தொங்கும். மணலில் ஊன்றிய முளையில் ஒரு கோடு இருக்கும். குச்சி கோட்டைத் தாண்டினால் சாரம் இறங்குகிறது, மேலே நிற்பவர்களோடு எல்லாம் கீழே வரலாம் என்று அர்த்தம். குச்சி கோட்டைத் தாண்டி மூன்று விரல் கீழே நிற்கிறது என்று கத்திக்கொண்டே வெளியே ஓடி வந்தான்.

பம்ப் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இயக்குநரும் பார்த்தார்.

"இறங்குங்க எல்லாரும்" என்றேன்.

கரையில் கருவியை வைத்து இளவழகனும் நானும் மட்டம் எடுத்தோம். ஒரு தடவை, இரண்டு தடவை. தளம் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு நூல்கூட இறங்கவில்லை. பிறகு அடியில் போய்ப் பார்த்தோம். குச்சிதான் கட்டு தளர்ந்து கீழே நழுவியிருக்கிறது. அதில் வெள்ளை ரோமம். சுற்றிலும் சுடச்சுட ஆட்டுப் புழுக்கை. வெயிலுக்கு ஒதுங்கின ஆடு, முதுகு அரித்துக் குச்சியில் உரசிவிட்டுப் போயிருக்கிறது. சற்றுத் தள்ளி நின்று எங்களைப் பார்த்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள் லாரியில் இருந்த காங்கிரீட் இறுகத் தொடங்கிவிட்டது. கொட்ட வேண்டியதுதான். தளத்தைப் பாதியில் நேராக வெட்டி நிறுத்தி, மீதியை இன்னொரு நாள்தான் போட முடியும். விருந்தினர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார்கள்.

"ஒரு ஆட்டுக்காக நிறுத்தினீங்களா?" என்றார் இயக்குநர். எல்லோர் முன்னாலும். "ஒண்ணுமே இல்லையேம்மா அங்க!"

இளவழகன் முகத்தில் ரத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அவனை ஆற்று மணலில் கழுத்துவரை புதைக்கலாம் போல இருந்தது. முளையைச் சுற்றி நாலு முள்ளை வெட்டிப் போட்டிருக்கக் கூடாதா? காவல் நின்றவன் ஆட்டை விரட்டக் கூடாதா? எல்லா வார்த்தையும் நாக்கு நுனிவரை வந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்த வார்த்தைகளுக்குத்தான் காத்திருந்தார்கள்.

"ஒண்ணும் இல்லேன்னு இப்பதான் சார் தெரியுது" என்றேன். "இவன் கத்தும்போது தெரியாது. மேல அத்தனை பேரு நின்னாங்க."

பிறகு அவனிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "சரியாத்தான் செஞ்ச. நாளைக்கும் இப்படியே செய்யணும்."

இயக்குநர் காரில் ஏறிப் போய்விட்டார். இன்று குளியலறையில் இரண்டு வாளி நிறைந்தது.

செப்டம்பர் 27

காலையில் பாட்ஷா பாய் வந்து நின்றார். "மேடம், ஆறாவது கண்ணுல பலகை சேருற இடம் நாலஞ்சு சரியில்ல. சிமென்ட் பால் ஒழுகும், மறுபடி ஓட்டை விழும். முந்தா நாளே பாத்தேன். சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன்."

"இன்னிக்கு ஏன் பாய் சொல்றீங்க?"

"ஆட்டுக்கே திட்டலையே மேடம்."

அக்டோபர் 1

இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வைப்ரேட்டர் சத்தம் மாறிவிட்டது, ஏணியில் ஒரு படி ஆடுகிறது, ஜல்லியில் மண் அதிகம். சமையல்காரர்கூட, "இவ்ளோ உப்பு சாப்ட்டா பி.பி. வரும் மேடம்" என்கிறார். காது வலிக்கிறது.

சென்னை அலுவலகத்தில் எனக்கு "ஆட்டு மேடம்" என்று பெயராம். இருக்கட்டும். ஐந்தாவது கண்ணின் மீதியைப் போட்டாயிற்று. அடியைப் பார்த்தால் கண்ணாடி தோற்றுவிடும்.

அக்டோபர் 8

ஆறாவது கண்ணும் போட்டாயிற்று! கடைசிக் கண். யாரும் எதையும் மறைக்கவில்லை, யாரும் கத்தவில்லை, நான் உட்பட. பாட்ஷா பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. கரையில் நின்று ஆறு கண்ணையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பார்த்தேன். பெற்றவளுக்கு இருக்கிற பெருமை எனக்கு இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

அக்டோபர் 14

ஐந்தாவது கண்ணின் சாரம் பிரித்தாயிற்று. மிச்சம் ஆறாவது மட்டும். மழை பிடித்துக்கொண்டது. துணி காயவே இல்லை.

அக்டோபர் 17

மேற்கே பேய்மழை. நாளை வெள்ளாற்றில் தண்ணீர் வரும் என்று தாசில்தார் அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். உடனே இயக்குநரின் போன்.

"ஆறாவது கண்ணு சாரம் இன்னும் ஆத்துலயா நிக்குது? தண்ணி அடிச்சிட்டுப் போச்சுன்னா என்ன ஆகும்? இன்னிக்கே பிரிச்சு வெளிய எடுங்க. மரகதவல்லி, அந்த ஆட்டுக் கதைய நான் இன்னும் மறக்கல. இதுலயும் கோட்டை விட்டா சென்னைக்காரர் அடுத்த வாரம் அங்க இருப்பார்."

நான் கணக்குப் போட்டேன். தளம் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் சில நாள் நின்றால் முழு வலு வரும். ஆனால் நல்ல சிமென்ட், நல்ல கலவை. தாங்கிவிடும். தாங்கும் என்றுதான் தோன்றியது. கொட்டுகிற மழையில் இறங்கிப் போய், "சாரத்தப் பிரிங்க" என்றேன். பாட்ஷா பாய் ஆட்களைக் கூப்பிட்டார்.

"முடியாது மேடம்."

திரும்பிப் பார்த்தேன். இளவழகன். மழைக்கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டுதான் நின்றான். ஆனால் சாரத்துக்கு முன்னால் நின்றான்.

"என்னது?"

"முடியாது. தளம் போட்ட அன்னிக்கு அதே கலவையில சோதனைக்குன்னு எடுத்து வெச்ச கட்டிய காலையில உடைச்சுப் பாத்தேன். வலு பத்தல. இப்ப பிரிச்சா தளம் விரிசல் விடும், விழுந்தாலும் விழும். விழும்போது கீழ நம்ம ஆளுங்க இருப்பாங்க."

"டேய், தண்ணி வந்து சாரத்த அடிச்சிட்டுப் போனா மட்டும் தளம் அந்தரத்துலயா நிக்கும்?"

"அப்பவும் விழலாம் மேடம். ஆனா அப்போ கீழ தண்ணி மட்டும்தான் இருக்கும். தளம் போனா மறுபடி போட்டுக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. சைட் முழுக்க நின்று பார்க்கிறது. இவன் சொல்வது சரி என்று எனக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது வாக்கியம்வரை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"பாய், ஆளுங்கள மேல ஏத்துங்க. ஒருத்தரும் அடியில போகக் கூடாது" என்றேன். சாரத்தின் கால்களைச் சேர்த்துக் கம்பிக் கயிற்றால் தூணோடு கட்டினோம், கரையில் நின்றபடி எட்டிய மட்டும்.

அக்டோபர் 18

தண்ணீர் வந்தது. செம்மண் நிறம், மரக்கிளை, ஒரு வைக்கோல் போர், யாரோ வீட்டுக் கதவு. எல்லோரும் கரையில் நின்றோம். சாரத்தின் வெளிவரிசை முட்டுகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போயின. இளவழகன் நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டான். "கடிக்காத, அசிங்கமா இருக்கு" என்றேன். நானும் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

உள்வரிசை நின்றது. ஆறாவது கண் நிற்கிறது.

அக்டோபர் 24

தண்ணீர் வடிந்துவிட்டது. கட்டியை உடைத்துப் பார்த்தோம், முழு வலு. மிச்சமிருந்த சாரத்தைப் பிரித்தோம். மட்டம் எடுத்தோம். தளம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. ஆறு கண்ணும் நிற்கிறது. நான் நிற்கும் என்று சொன்னேன், நிற்கிறது!

சாயங்காலம் கரையில் எல்லோரும் இருக்கும்போது இயக்குநர் போன் செய்தார். குரலில் சந்தோஷம்.

"நான் பிரிக்கச் சொல்லியும் பிரிக்காம விட்டீங்களே, நல்ல முடிவு. நல்ல துணிச்சல் உங்களுக்கு."

அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டடி தள்ளி இளவழகன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

"முடிவு என்னோடது இல்ல சார். நான் பிரிக்கத்தான் சொன்னேன். எங்க இன்ஜினியர் இளவழகன் முடியாதுன்னுட்டார்."

"அந்த ஆட்டுப் பையனா? அப்போ நீங்க எதுக்கும்மா அங்க?"

என்ன பதில் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வாய் வரவில்லை.

"அவன்கிட்ட போனக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். இளவழகன் எழுந்து நின்று பேசினான். "ஆமா சார்... இல்ல சார்... புரியுது சார்." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "அது முடியாது சார். மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி, அவர் சொன்ன பதிலையும் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். இணைப்பு போய்விட்டிருந்தது.

"என்னடா கேட்டாரு? எது முடியாது?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"இளவழகா!"

"சென்னையில இருந்து வேற மேனேஜர் வர்றாரு, அவருக்குக் கீழ வேலை பாரு, உன்ன சீனியர் ஆக்குறேன்னாரு மேடம். அவர்கிட்ட நிறுத்துன்னு கத்த முடியுமான்னு கேட்டேன். அதெல்லாம் அவர்கிட்ட நடக்காதுன்னாரு. அப்போ முடியாது சார்னுட்டேன்."

"அட பைத்தியக்காரா! வேலை போயிடும்டா உனக்கு! யாருகிட்ட என்ன பேசுறதுன்னு ஒரு விவஸ்தை வேணாம்?" என் பழைய குரல், அக்கரைவரை கேட்டிருக்கும். ஒருவரும் மணலைப் பார்க்கவில்லை. பாட்ஷா பாய் சிரித்துக்கொண்டே டீயை ஊதினார்.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு, அத முதல்ல கேளுங்க மேடம்" என்றான் இளவழகன்.

"என்ன சொன்னாரு?"

"'சரிய்யா, அப்போ அந்தம்மாவே இருக்கட்டும்'னாரு."

நான் உடனே எழுந்து ஜீப்புக்குப் போய்விட்டேன். ஏதோ எடுக்கப் போகிற மாதிரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்தேன். ஒரு தடவைக்கு மேலேயே துடைத்தேன். பிறகு திரும்பிப் போய் என் டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அதிகம். சொன்னேன்.